கறையான் தொடாத பலகை

போன சனிக்கிழமை சிரம்பானில் ஒரு மரக்கடைக்குப் போயிருந்தேன். பாரோயில் இருக்கும் என் வீட்டுப் பின்கதவின் நிலை உளுத்துவிட்டது. விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போகிறது. தட்டிப் பார்த்தால் மரத்தின் சத்தமே இல்லை... காலி டின்னின் சத்தம்.

கடையில் டை கட்டிய ஏஜென்ட் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இது சாதாரண மரம் இல்ல. போரோன் ஏத்தின மரம். கறையான் கிட்டவே வராது லா!"

"அப்படியா?"

"லேட்டஸ்ட் மெதட், சார். நம்ம நாட்டுக்கு இப்பத்தான் வந்திருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் பேச்சை நம்பாமல் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பார் — முகம் சுருங்கிப் போயிற்று. பாவம், அவர் மேல் என்ன தப்பு?

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த 'லேட்டஸ்ட்' சங்கதியை ஜப்பான் காலத்திலேயே ஒரு பெண் செய்து பார்த்துவிட்டார். கோலா கிளாவாங் பக்கத்தில், மலை இடுக்கில் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பால்மரம் வெட்டுகிற பெண். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? அதில் நடந்த பெரிய தப்பே என்னுடையதுதான்.

இப்போது ஐம்பது ஆகும் எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற வேலை. வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டார். கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற பெரிய டிரெஸ்ஸரை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள். சாவிக்கொத்து என் இடுப்பில். பாட்டில்கள் வரிசையாக இருந்தன, அவற்றின் மேல் பெயர்களும் இருந்தன. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை.

தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். நாலாம் லயத்தின் கடைசி வீடு நான் சொன்ன அந்தப் பெண், பாக்கியம் அக்காவுடையது. முப்பது வயது இருக்கும். அவருடைய கணவர் சடையனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கடிதம் இல்லை. எழுதத் தெரியாதவர் எங்கிருந்து எழுதுவார்? லாரி நகரும்போது அவர் கத்திச் சொன்னது ஒன்றே ஒன்று.

"வூட்ட வுட்டு எங்கயும் போயிடாத! வந்தா இங்கதான் வருவேன்!"

அந்த வீடுதான் சாய்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மண்டோர் முனியாண்டி வந்தார். லயத்து வேலைகளைப் பார்க்கிறவர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"பாக்கியம், இது ஒரு பெரிய மழைக்குத் தாங்காது. பிரிச்சி விறகுக்கு எடுக்கச் சொல்லி ஆபீஸ் ஆர்டர். உன்ன மலைக்கு அந்தாண்ட கிழங்குத் தோட்டத்துக்கு அனுப்பறாங்க."

"அவரு வந்து தேடுனா?"

"நான் சொல்ல மாட்டனா?"

"நீ இருப்பியா மண்டோரே? ரெண்டாம் லயத்தப் பிரிச்சப்போ அந்த மண்டோரும் இதேதான் சொன்னாரு. இப்ப அவரே எங்க?"

ரெண்டாம் லயம் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அங்கே இருந்த குடும்பங்கள் திசைக்கு ஒன்றாகச் சிதறியிருந்தன. யார் எந்தத் தோட்டத்தில் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

"சரி, அடுத்த மாசம் வர்றேன்," என்றார் மண்டோர். "கடப்பாரையால மூலத் தூணுல ஒரு குத்து. உள்ள எறங்குச்சுன்னா பிரிச்சிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மூலைத் தூண். அந்த வீடே அதில்தான் சாய்ந்து நின்றது. தூணின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று.

இனி சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்.

புற்று எழும்பியதும் லயத்துப் பெண்கள் என்ன செய்தார்கள்? "ஆத்தா வந்துட்டா!" என்று மஞ்சள் பூசினார்கள். குங்குமம் கிடைக்காத காலம் — செங்கல்லைப் பொடித்துப் பொட்டு வைத்தார்கள். புற்றுக்குப் பால் ஊற்ற வேண்டும். பாலுக்கு எங்கே போவது? மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் ஊற்றினார்கள். தூணின் காலடியில். மூன்று மாதம்.

கறையானுக்கு என்ன வேண்டும்? மரம், ஈரம், இருட்டு. மரத்தை வெள்ளைக்காரன் நட்டு வைத்தான். ஈரத்தை நாங்கள் பக்தியோடு ஊற்றினோம். நானும் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டவன்தான்.

மண்டோர் வந்து போன மறுநாள், காலில் புண் என்று பாக்கியம் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். போரிக் பவுடர் கரைத்த தண்ணீரில் நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அவர் கண் மருந்து அலமாரியில் இருந்தது. அதையும் கறையான் விட்டுவைக்கவில்லை. முதுகுப் பலகை போய்விட்டது. மேல்தட்டு சல்லடை. நடுத்தட்டு மட்டும் நேற்று அறுத்த மாதிரி இருந்தது.

"தம்பி, இந்தப் பலகைய மட்டும் ஏன் வுட்டு வச்சிருக்கு?"

"வேற மரமா இருக்கும்க்கா."

நொண்டிக்கொண்டே எழுந்து போய் நகத்தால் கீறிப் பார்த்தார். "ஒரே மரம்தான். நார் ஓடுறதப் பாரு. இதுல என்னாமோ வெள்ளையா ஊறியிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போரிக் பவுடர் டின்னின் அடி துருப்பிடித்து வருஷக்கணக்காக அந்தத் தட்டில் ஒழுகியிருக்கிறது. தினம் காலையில் ஈரத்துணியால் தட்டைத் துடைப்பது என் வேலை. துடைத்துத் துடைத்து மருந்தை மரத்துக்கு ஊட்டியிருக்கிறேன்... எனக்கே தெரியாமல்!

"அந்த மருந்தக் குடு," என்றார்.

"ரெண்டு கை அளவுகூட இல்லக்கா. தோட்டத்துக்கே கண்ணு கழுவ, புண்ணு கழுவ இது ஒண்ணுதான்."

தன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சேலையை இறக்கி மூடிக்கொண்டார்.

"சரி, புண்ணுக்கே இருக்கட்டும். இவனுக்கு அண்ணன் தம்பி எவனாச்சும் இருக்கானா?"

இருந்தான். அவன் பெயர் வெங்காரம். பொன் உருக்கும்போது ஆசாரிமார் தூவுவார்களே, அந்த வெள்ளை உப்பு. போரிக் பவுடர் அதிலிருந்துதான் வருகிறது, ஏஜென்ட்டின் போரோனும் அதே சாதிதான் — போரிக் பவுடரைப் பற்றி பெரிய டிரெஸ்ஸர் எனக்குப் பாடம் எடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோலா கிளாவாங்குக்கு நடந்தோம். அவர் தலையில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. பசாரில் ஆசாரி, அணைந்த உலையின் முன் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தாலிய வித்துக் கிழங்கு வாங்குற காலம். நீ கிழங்க வித்து வெங்காரம் வாங்க வந்திருக்க," என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். "என்னம்மா, எங்கயாச்சும் தங்கம் கிடைச்சிருச்சா?"

"ஆமா ஆசாரி. தூண் சைஸ்ல ஒண்ணு."

ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளிக் கொடுத்தார்.

இனி என் தப்பு. மருந்து தெரிந்தவன் என்ற திமிரோடு கொதிக்கிற தண்ணீரில் வெங்காரத்தைக் கரைத்தேன். தேங்காய் மட்டையை நசுக்கி பிரஷ் செய்துகொண்டேன். தூணில் பூசு பூசு என்று பூசினேன். டின்னில் பாதி காலி. பத்து நாள் கழித்துப் பார்த்தால், நான் பூசிய இடத்தின் மேலேயே ஈர மண்ணால் புதுப் பாதை போட்டிருக்கிறது கறையான்!

ஏன்? லயத்துச் சுவருக்கும் தூணுக்கும் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்துச் சட்டம். வருஷா வருஷம் அடித்து அடித்து, தூணின் மேல் முட்டை ஓடு மாதிரி ஒரு தோல். என் மருந்துத் தண்ணீர் அதன் மேல் வழிந்து தரைக்குப் போயிருந்தது. மரம் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். திட்டவில்லை. ஒரு சிரட்டையை உடைத்து, அதன் விளிம்பால் சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஆள் அழாமல் இருப்பது மாதிரியான சத்தம்.

சுரண்டிக்கொண்டே கீழே வந்தவர் புற்றின் முன் நின்றார். பக்கத்து வீட்டு மருதாயி ஓடி வந்தார்.

"அடியே, அதுல கை வைக்காத! ஆத்தா குடியிருக்கா. குடும்பத்துக்கு ஆவாது!"

"ஆத்தாவுக்குப் பசின்னா என் வூட்டுத் தூணத்தான் திம்பாளா? பசி எனக்கும்தான் இருக்கு. நான் யாரு வூட்டத் தின்னேன்?"

"வாய அடக்குடி! சடையனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

பாக்கியம் அக்காவின் கை ஒரு கணம் நின்றது. ஒரே கணம்தான். பிறகு புற்று மண்ணை வாரி முறத்தில் வைத்தார், மஞ்சள் கலையாமல். தலையில் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து எல்லையில், காட்டு மரத்தடியில் இறக்கினார். "ஆத்தா, இது முழுசும் உனக்குத்தான். அது ஒண்ணு மட்டும் எனக்கு," என்று கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

பிறகு நடந்தது வேலை. வெறும் வேலை.

ரப்பர் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். தூணின் அடியில் ஒரு முழம் மாவாகியிருந்தது, அதை அறுத்து எறிந்தோம். இனித் தூண் மண்ணைத் தொடக் கூடாது. அடியில் வைக்கக் கல்? வீட்டுக்குள் போய் அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். "அரைக்க என்ன இருக்கு, இது சும்மாதானே கிடக்கு!" சுரண்டிய மரத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் சுடுதண்ணி வெங்காரம். இந்த முறை மரம் குடித்தது. தாகத்தோடு குடித்தது. இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, கீழ்நோக்கிச் சாய்வாகத் துளை போட்டோம். அதில் வெங்காரத்தைக் கூழாகக் குழைத்து அடைத்து, மேலே மர ஆப்பு. மழைச் சாரல் விழும் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்துத் தகடாக அடித்தோம். மழையில் கரைந்து ஓடிவிடுகிற உப்பு இது, நனையவிட்டால் உழைப்பு வீண். ஏஜென்ட் சார், உங்கள் நோட்டீஸில் இதைப் போட்டிருக்கிறீர்களா?

சொன்ன மாதிரி முனியாண்டி கடப்பாரையோடு வந்தார். லயமே கூடி நின்றது. ஓங்கி ஒரு குத்து.

ணங்!

கடப்பாரை எகிறியது. மண்டோர் கையை உதறிக்கொண்டார்.

"என்னாத்த ஊட்டுன இதுக்கு?"

"கறையானுக்குப் பட்டினிய ஊட்டுனேன். இன்னொரு குத்து குத்திப் பாரு மண்டோரே, வந்ததுதான் வந்த."

அவர் குத்தவில்லை. ஆபீஸில் போய் என்ன சொன்னாரோ, வீட்டை யாரும் தொடவில்லை.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் ஒன்றும் இரண்டுமாகத் திரும்பினார்கள். நிழல்கள் நடந்து வருவது மாதிரி. அவர்களில் சடையன் இல்லை.

ஒரு மத்தியானம் பாக்கியம் அக்கா எனக்கு ஆள் அனுப்பினார். போனால், வாசலில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே முழுக்கப் புண். பெயர் காத்தான், வேறு தோட்டத்துக்காரர். நான் கட்டுப் போட, அவர் பேசினார்.

"நாலாம் லயம், கடைசி வூடுன்னு சடையன் சொல்லிச்சு. கண்ண மூடிக்கிட்டுப் போயிடலாம், அவ அங்கதான் இருப்பான்னு சொல்லிச்சு. மழைக்காலத்துல பேதி வந்திச்சும்மா. ரெண்டே நாள். நான்தான் கூட இருந்தேன்."

பாக்கியம் அக்கா தூணில் கை வைத்தபடி நின்றார். அவர் கேட்டது இதுதான்:

"சாப்ட்டியாண்ணே?"

கெட்ட செய்திக்கும் வந்து சேர ஒரு வாசல் வேண்டும். அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது.

கிழங்கைக் கையில் வாங்கிய காத்தான் அதைத் தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு பேரு சேதி இருக்கும்மா என்கிட்ட. எல்லாம் ரெண்டாம் லயத்து ஆளுங்க. போய்ப் பார்த்தேன், வெறும் புல்லுதான் இருக்கு. அவங்க பொம்பளைங்க எங்க போனாங்க?"

யாருக்குத் தெரியும்?

"என் கால் இனிமே நடக்காது," என்றார்.

பாக்கியம் அக்கா அவர் எதிரில் உட்கார்ந்தார். "பேரச் சொல்லுண்ணே. ஒவ்வொண்ணா சொல்லு. எங்க, எப்படின்னு எல்லாத்தையும் சொல்லு." எழுதத் தெரியாது. நான்கு பேரையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் காலை கிளம்பிவிட்டார். தோட்டம் தோட்டமாக நடை. மூன்று பெண்களைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றரை வருஷம் ஆனது.

போன மாதம்கூட அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த நாலாவது பெண் என்ன ஆனார் என்று கேட்டேன்.

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி."