வேம்புலியின் கல்லீரலும் பைபாஸ் என்கிற கடாவும்

சென்னீர்குப்பம் வேம்புலியின் வாழ்க்கை வரலாற்றை இதுவரை யாரும் எழுதவில்லை. அதற்கு நாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பதை நெருங்கும் வயது வரை, எழுதத்தக்க எதையும் செய்துவிடாமல் கவனமாக வாழ்ந்தவர் அவர். குட்டி யானை என்று ஊரே அழைக்கும் சின்ன லோடு வண்டி ஒன்று சொந்தம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் கட்டில், பிரிட்ஜ், துளசித் தொட்டி, வாங்கிய நாள் முதல் துணி காயப்போடவே பயன்பட்ட ஓட்டப் பயிற்சி இயந்திரம் ஆகியவற்றை ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குக் கொண்டுபோவார். வாடகை ஏறியதும் அதே சாமான்களைப் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குக் கொண்டுவருவார். மேற்கே ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் வரை போயிருக்கிறார். அதற்கு அப்பாலும் உலகம் இருப்பதாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்டவர் காஷ்மீர் வரை வண்டி ஓட்டினார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய கல்லீரலும் ஓர் ஆடும்.

கல்லீரலை முதலில் பார்த்துவிடுவோம். இரண்டு வருடத்துக்கு முன் வேம்புலிக்கு மஞ்சள் காமாலை வந்தது. சாதாரண மஞ்சள் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தால் எதிரே வருகிறவர்கள் ஹெட்லைட் என்று நினைத்து ஒதுங்கினார்கள். மனைவி அங்கம்மா காலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், மாலையில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். இரண்டின் மேலும் முழு நம்பிக்கை வராததால் தெருமுனைப் பொன்னியம்மன் முன்னால் போய் நின்று, "தாயே, இந்த ஆள எனக்கே திருப்பிக் குடுத்துரு. உனக்கு ஒரு கடா வெட்டுறேன்" என்று பேசி முடித்தாள்.

வேம்புலி எழுந்து உட்கார்ந்தார். மாத்திரையால்தான் என்றார் டாக்டர். இலையால்தான் என்றார் இலை கொடுத்த நாட்டு வைத்தியர். பொன்னியம்மன் ஒன்றுமே சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே புகழ் முழுவதும் அவளுக்குப் போயிற்று.

நேர்ந்துகொண்டபடி பைபாஸ் சாலை ஓரத்தில் ஒரு குட்டியை வாங்கி வந்தார்கள். வளர்ந்து கடாவானதும் ஓர் ஆடி மாதம் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. வேம்புலி அதைப் பைபாஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"வெட்டப்போற ஆட்டுக்கு இன்னாத்துக்குய்யா பேரு?" என்றாள் அங்கம்மா.

"பேரு இல்ல மே. எங்க வாங்குனோம்னு ஞாபகத்துக்குச் சொல்றேன்."

ஞாபகத்துக்காகவே அதை வண்டியின் முன்சீட்டிலும் ஏற்றிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காது பறக்க, ஆடு வரும். திருவேற்காடு சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஷேர் ஆட்டோவில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, யாரும் தேறமாட்டார்கள் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இந்த முகத்திருப்பலில்தான் அபிஷேக் விழுந்தான். கம்ப்யூட்டர் வேலையை விட்டவன் என்பதால் சினிமா இயக்குநர் ஆனவன். வீடு மாற்ற வேம்புலியின் வண்டியைக் கூப்பிட்டிருந்தான். ஆட்டுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து போனான். போய் இறங்கும்போது தோளில் கொஞ்சம் எச்சிலும் தலையில் ஒரு முழுக்கதையும் இருந்தன. காதலில் தோற்ற இளைஞன் ஒருவன் ஓர் ஆட்டை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து காஷ்மீர் போகிறான். வழியெல்லாம் சிரிப்பு. ஆட்டுக்குத்தான் அறிவு அதிகம்.

கதை ஏழெட்டு மாநிலம் தாண்டியது. தயாரிப்பாளர் வெளிவட்டச் சாலையைத் தாண்டச் சம்மதிக்கவில்லை. ஆகவே இந்திய தேசம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் சுருட்டி வைக்கப்பட்டது. ஆவடிப் பக்கத்து ஏரிக்கரை கோதாவரி ஆயிற்று. சென்னீர்குப்பத்தில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேடு ராஜஸ்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியின் பின்புறம் தெர்மாகோல் தூள் மலையாகக் கிடந்தது. காஷ்மீரை அங்கே வைத்தார்கள். கதாநாயகனுக்குக் கியர் போடத் தெரியாது. அதனால் தூரத்து ஷாட்டுகளில் அவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டியவர் வேம்புலி. சரித்திரம் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

தொல்லை மழைக்காட்சியில் வந்தது. கொட்டும் மழையில் நாயகன் ஆட்டிடம் மனம் திறந்து அழுகிறான். நாயகன் அழுதுவிட்டான். ஆனால் குழாய்த் தண்ணீர் முதுகில் பட்டதும் பைபாஸ் உடம்பைச் சிலுப்பி உதறியது. கேமரா நனைந்தது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். திரும்பத் திரும்ப உதறியது. அழுது அழுது நாயகனுக்குக் கண்ணீர் தீர்ந்துபோயிற்று.

"அண்ணா, நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றான் அபிஷேக்.

வேம்புலி பண்ணினார். வீட்டுப் பின்புறத்தில் ஆட்டை நிறுத்தி, சொம்பால் தண்ணீர் ஊற்றினார். அசையாமல் நின்றால், "ஓகே!" என்று கத்துவார். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் உதறிக்கொள்ளலாம். உதறி முடித்ததும் ஒரு பிஸ்கட். பைபாஸ் ஒரு வாரத்துக்குள் தொழிலைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் விழுந்தால் சிலை. 'ஓகே' காதில் விழுந்தால்தான் உதறல். அங்கம்மா கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அங்கம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பது அந்தத் தெருவில் அபூர்வ நிகழ்ச்சி. வேம்புலி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

கடைசி நாள் படப்பிடிப்பில் அபிஷேக் படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்து அட்டையைப் பெருமையோடு காட்டினான். 'இந்தப் படத்தில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்று போட்டிருந்தது. வேம்புலி அதை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தம்பி, ஆடி பொறக்கப் போவுது."

"சரிண்ணா."

"ஆடிக்கு இது சாமியாண்ட போவுது."

"ஓ, கோயிலுக்கா? சூப்பர்ணா! ரிட்டர்ன் எப்போ?"

வேம்புலி தெர்மாகோல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை வீட்டில் மெதுவாக ஆரம்பித்தார். "இந்தா மே, வேற கடா ஒண்ணு வாங்கிக் குடுத்தா ஆவாதா?"

"நேந்துகினது இதத்தான? உனக்கு உன் ஈரலு வேணுமா, ஆடு வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் எடுத்துகினு போறதுக்கு சாமி இன்னா ஆடித் தள்ளுபடியா போட்டுகீது?"

 கடன் வாங்கிய கல்லீரலோடு நடமாடுகிறவன் என்ன பேச முடியும்? அன்றிலிருந்து வேம்புலி சாப்பிடும்போதெல்லாம் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். அங்கே இருப்பது தன்னுடையதா, பைபாஸுடையதா என்று அவருக்கே சந்தேகம்.

ஆடி ஞாயிறு வந்தது. அங்கம்மாவின் தம்பி முனியன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அரைத்த மசாலாவோடும் பெரிய அண்டாவோடும் அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கினான். பக்திக்கு இவ்வளவு பெரிய அண்டா தேவைப்படுமென்று வேம்புலிக்கு அதுவரை தெரியாது.

"மாமே, முகம் ஏன் தொங்குது? ஈரலு ஒனக்குத்தான் மொதல்ல" என்றான் முனியன்.

கோயில் வாசலில் அங்கம்மா எல்லாரையும் நிறுத்தினாள். "வேண்டுதல் முடியிற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. டேய் முனியா, ஒனக்குத்தான் சொல்றேன்."

பூசாரி கன்னியப்பன் மற்ற நாட்களில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மனுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவர். முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கடா உடம்பை உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். கத்தி வேலையை ஆரம்பிக்கலாம். மூன்று சொம்பு ஊற்றியும் உதறாவிட்டால் அவளுக்கு வேண்டாம். அப்படி வேண்டாமென்று அவள் சொன்னதாக அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

முதல் சொம்பு விழுந்தது. பைபாஸ் அசையவில்லை. தலையை லேசாகத் தூக்கி, வேம்புலியை ஒரு பார்வை பார்த்தது. ஷாட் போய்க்கொண்டிருக்கும்போது பார்க்கும் அதே தொழில்முறைப் பார்வை.

அப்போதுதான் வேம்புலிக்குத் தாம் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்பது உறைத்தது. முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது. இந்தக் காலத்துத் தமிழன் ஐந்து நிமிஷம் 'ஓகே' சொல்லாமல் இருந்ததாகச் சரித்திரம் உண்டா?

இரண்டாவது சொம்பு. பூசாரியின் இடுப்பில் போன் அடித்தது. எடுத்தார். சூப்பர்வைசர்.

"சார்... சொல்லுங்க சார்... நைட் ஷிப்டா சார்... சரி சார்... சரி சார்."

தமிழ் வாழ்க என்று வேம்புலி மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அரசியல் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். மனதாரச் சொன்னது அன்றைக்குத்தான்.

மூன்றாவது சொம்பைக் கையில் எடுத்தபோது முனியன் பொறுக்கமாட்டாமல், "அண்ணாத்தே, கொஞ்சம் காதுல ஊத்துங்க..." என்று ஆரம்பித்தான். அங்கம்மா அவன் காலை மிதித்தாள். பக்தி சிரத்தையோடு, குதிகாலால் மிதித்தாள். முனியன் வாயைப் பொத்திக்கொண்டான். தண்ணீர் விழுந்தது. வாலிலிருந்து சொட்டியது. பைபாஸ் நின்றது நின்றபடி நின்றது.

கன்னியப்பன் சொம்பைக் கீழே வைத்தார். "அம்மா வேணாங்குறா."

"அப்ப இந்த ஆளு ஈரலு?" என்று கேட்டாள் அங்கம்மா. குரல் நிஜமாகவே நடுங்கியது.

"குடுத்தத அவ திருப்பிக் கேக்கலம்மா. கேக்கணும்னா கடா உதறியிருக்கும்ல? சக்கரைப் பொங்கல் வெச்சிட்டுப் போ. வேண்டுதல் தீந்துச்சு."

வேம்புலிக்கு விலாவுக்குக் கீழே முதல்முறையாகச் சொந்த வீட்டில் இருப்பது போல் இருந்தது.

முனியன் அண்டாவைப் பார்த்தான். மசாலாவைப் பார்த்தான். பெருமூச்சு விட்டு, "ஓகே, பொங்கலுன்னா பொங்கலு. இன்னா பண்றது" என்றான்.

பைபாஸ் காது நுனியிலிருந்து வால் நுனி வரை ஓர் உதறு உதறியது. மூன்று சொம்பு மஞ்சள் தண்ணீரும் முனியனின் வெள்ளைச் சட்டைக்கும் பூசாரியின் முகத்துக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது.

 வேம்புலி கண்ணை மூடிக்கொண்டார். கன்னியப்பன் துண்டால் முகத்தை நிதானமாகத் துடைத்தார். அனுபவஸ்தர்.

"பாத்தியா? பொங்கல்னு சொன்ன ஒடனே உத்தரவு குடுத்துட்டா" என்றார்.

கடா அங்கே நிற்கவில்லை. வேலை முடிந்தது, கூலி வரவேண்டும். வழக்கமாகக் கூலி கொடுக்கும் வேம்புலியைத் தாண்டி நேரே அங்கம்மாவிடம் போய், அவள் இடுப்புச் சேலை மடிப்பை முட்டியது. முட்டிய முட்டில் பிஸ்கட் பாக்கெட் ஒன்று கீழே விழுந்தது.

"இன்னா மே இது?" என்றார் வேம்புலி.

"எது?"

"பிஸ்கட்டு."

"பசிக்கும்னு எடுத்தாந்தேன்."

"காலைலேர்ந்து விரதம்னு சொல்லிகினு கீற?"

அங்கம்மா பொன்னியம்மனை ஒரு தரம் பார்த்தாள். அம்மன் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

"தொணதொணன்னு பேசாத. வண்டிய எடுய்யா, பொங்கலுக்கு வெல்லம் வாங்கணும்" என்றாள். முன்சீட்டில் ஜன்னலோர இடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தது. நடுவில் நெருக்கி உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்தாள். ஆட்டுக்கு ஒன்று கொடுத்தாள். வேம்புலியின் வாயில் ஒன்று வைத்தாள்.

"ஒனக்கு ஒண்ணோட சரி. ஈரலுக்கு ஆவாது."