தடியைத் தாழ்த்திய பெரியதனம்

போன வாரம் தேவிகாபுரத்தில் ஒரு புதுமனை புகுவிழாப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. பேசியவர் ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கும் முருகேசன். "சார், நம்ம பெரியதனம் போயிட்டாருங்க. காத்தால காபி குடிச்சிகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் தெரு நிறைந்திருந்தது. ஒரு வீட்டிலும் தறி ஓடவில்லை.

பரமசிவம் சாரை உங்களில் பலர் வரலாற்று ஆசிரியராக அறிவீர்கள். நெசவாளர் தெருக்காரர்களுக்கு அவர் பெரியதனம், அதாவது வழக்குகளைத் தீர்த்துவைக்கும் தெருத் தலைவர். நான் அதே பள்ளியில் கணக்கு நடத்தியவன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற என்னையும், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அவரையும் சேர்த்துவைத்தது ரோமாபுரிதான். சிரிக்காதீர்கள், உண்மையைச் சொல்கிறேன்.

ஆசிரியர் அறைக்கு டீ வந்தால் போதும், மனிதர் ரோமாபுரிக்குக் கிளம்பிவிடுவார். திருத்த வேண்டிய கணக்குத் தாள்கள் என் முன்னால் குவிந்திருக்கும். அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? "கான்சல்னா அங்க நாட்டையே ஆள்றவன். அவன் வெளிய கிளம்பினா முன்னால பன்னெண்டு பேர் போவாங்க சார். ஆளுக்கு ஒரு பிரம்புக் கட்டு, உள்ள ஒரு கோடரி. பிரம்பு அடிக்கறதுக்கு, கோடரி தலைய எடுக்கறதுக்கு. அந்த அதிகாரத்துக்குத்தான் இம்பீரியம்னு பேரு" என்பார். அடுத்ததைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். "ஆனா ஊர் எல்லைக்குள்ள வந்துட்டா கோடரியக் கழட்டிடணும். தண்டனை வாங்கினவன் ஜனத்தைக் கேக்கறேன்னு சொல்லலாம். ஜனம் கூடின எடத்துல அந்தப் பிரம்புக் கட்டையே தாழ்த்திப் பிடிக்கணும். எவ்ளோ பெரிய அதிகாரம், எப்படிக் கட்டிப் போட்டிருக்கான் பாருங்க!" அப்புறம் பெருமூச்சு விடுவார். "பின்னால ஒருத்தன் அந்த அதிகாரத்தைக் கீழ வைக்கவே இல்ல. அத்தோட ஜன ஆட்சி போச்சு."

தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய அப்பா இறந்தார். மூத்த மகன் என்பதால் பெரியதனம் இவரிடம் வந்தது. கூடவே வெள்ளிப் பூண் போட்ட ஒரு தடியும் வந்தது. தீர்ப்புச் சொன்னதும் தடிக்காரர் அதைத் தரையில் தட்டுவார். அதற்குப் பிறகு தெருவில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அப்போது தடிக்காரர் இந்த முருகேசன்தான். சார் முதல் கூட்டத்திலேயே ஒரு புது வழக்கத்தைச் சொன்னார். தன் தீர்ப்பை ஏற்க முடியாதவர் ஜனத்தைக் கேட்கலாம், ஜனம் சொல்வதே முடிவு என்றார். "அப்ப நீங்க எதுக்கு சார்?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்துக் கலைந்தது. வருடங்கள் போயின. ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தெருவில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை தறிச் சத்தம் கேட்கக்கூடாது. ஓர் ஆடி மாதம், காப்புக் கட்டிய பிறகு, மத்தியான மழையில் ஒரு வீட்டில் தறி ஓடியது. கணவனை இழந்து, ஒற்றைத் தறியில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த தனபாக்கியத்தின் வீடு அது. சாயங்காலம் கோயில் முன்னால் தெரு கூடிவிட்டது. கூழ் குடிக்க அழைக்கப்பட்ட நானும் ஓரமாக நின்றிருந்தேன். சாமி குற்றம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சார் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விலக்கு. நெருப்பு, தண்ணி கிடையாது" என்றார். முருகேசன் தடியைத் தட்டினார்.

ரோமானியர்களும் ஒருவனை ஊரைவிட்டு விலக்க இதே நெருப்பையும் தண்ணீரையும்தான் மறுத்தார்கள் என்று எனக்கு ஒருமுறை கண் மின்னச் சொன்னவர் அவர். அதே சொற்களை இப்போது தீர்ப்பாக அவர் வாயால் கேட்டேன். தறிக்கு வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை சரிபார்க்க அக்கம்பக்கத்துக் கைகள் வேண்டும். விலக்கி வைத்த வீட்டுக்கு யார் கை கொடுப்பார்கள்? தனபாக்கியத்தின் தறி அன்றோடு நின்றுவிடும்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து அந்த அம்மா எழுந்தார். "இந்தத் தீர்ப்ப நான் ஒத்துக்கல சார். நான் ஜனத்தைக் கேக்கறேன்."

சாரின் சித்தப்பா துள்ளி எழுந்தார். "இன்னாடா இது பேஜாரா கீது? தட்டினா தட்டினதுதான். ஒரு பொம்பளைக்காவ தடிய எறக்கினா நாளைக்கு எவன் உன்ன மதிப்பான்?"

சார் கோபக்காரர். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்ததைப் பார்த்தேன். "உட்காரும்மா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "முருகேசா, தடிய எறக்கு" என்றார். முருகேசனுக்குக் கை வரவில்லை. சார் மறுபடி சொன்னார். வெள்ளிப் பூண் அந்த அம்மாவின் பக்கமாகத் தாழ்ந்து சேற்றைத் தொட்டது.

"ஓடு ஒழுகி தறிக்குழில தண்ணி எறங்கிகினு இருந்துதுங்க" என்றார் தனபாக்கியம். "சேலை முடிய ஒரு மொழந்தான் பாக்கி. ஜல்தியா முடிச்சி அறுத்து எடுக்கலன்னா பட்டு பூரா வீணாப் பூடும். மாரியம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுகினுதான் தறில எறங்கினேன். ஒருத்தர்னா வந்து பாத்தீங்களா? இன்னாத்துக்கு ஓட்டினேன்னு கேட்டீங்களா?"

சார் கூட்டத்தைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரின்னு நினைக்கறவங்க அவங்க பக்கத்துல போய் நில்லுங்க." முதலில் எழுந்துபோனது யார் தெரியுமா? அவருடைய மனைவி சரோஜா அம்மாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் நின்றார். பின்னாலேயே பெண்கள், அப்புறம் ஆண்கள். சித்தப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் மட்டும் இந்தப் பக்கம் தங்கினார்கள்.

"ஜனம் சொல்லிடுச்சு. விலக்கு இல்ல. கேக்காம தீர்ப்பு சொன்னது என் தப்பு" என்று சார் அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். எத்தனையோ பெரிய பதவிக்காரர்களைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதிகாரத்தின் முன்னால் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தார். மனம் ஆறட்டும் என்று, "உங்க இம்பீரியம் மழையில நனைஞ்சு போச்சே சார்" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அது எங்கிட்ட இருந்ததே இன்னைக்குத்தான் சார் தெரிஞ்சுது. அதைக் கொடுத்த ஜனமே வந்து கேட்டாங்க இல்ல?" என்றார். திருவிழா முடிந்த மறுநாள் தனபாக்கியம் தெருவில் பாவு நீட்டியபோது ஒரு முனையைப் பிடித்து நின்றவர் அவர்தானாம். இழை சரிபார்க்கத் தெரியாமல் சரோஜா அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்றும் முருகேசன் சொன்னார்.

இன்று நான் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியன். என் அறையில் நான் சொன்னதுதான் சட்டம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. தண்டனை கொடுத்த பிறகு ஒரு பிள்ளை எழுந்து, "சார், நீங்க என்ன கேக்கவே இல்லியே" என்று சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்து நின்று முழுவதும் கேட்கிறேன். தவறு என்னுடையது என்றால் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்வதற்கே எனக்கு ஒவ்வொரு முறையும் நாக்கு உலர்ந்துபோகிறது. அவர் அதைத் தன் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மழையில் நின்று சொன்னார்.