‘இருக்கலாம்’ என்கிற தண்ணீர்

போர்வெல்லுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிற தொழிலில், தண்ணீர் வந்தால் சாமிக்குப் படையல், வராவிட்டால் என்னைப் போன்ற ஜியாலஜிஸ்ட்டுக்குத் திட்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: தண்ணீர் வரும், வாயில் வைக்க முடியாது. போர் போட்டு நொந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இந்த வயிற்றெரிச்சலை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

மணலில் தெரிந்த ஆறு

ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த தேவராஜும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் ராணிப்பேட்டைக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டெல்லா ஆஸ்பத்திரி நர்ஸ். ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது, அதோடு குவார்ட்டர்ஸையும் காலி செய்தாக வேண்டும். போக வேறு இடம் கிடையாது.

அஸ்திவாரக் குழியில் இறங்கிப் பார்த்தேன். சாய்வான அடுக்குகளாக மணல், நடுநடுவே உருண்டைக் கூழாங்கற்கள். வெள்ளம் வந்தால் பாலாறு இன்றைக்கும் மணலை இப்படித்தான் போடும். ஆகவே ஒரு காலத்தில் ஆறு இந்த வழியாக ஓடியிருக்கிறது, கீழே தண்ணீர் இருக்கும் என்றேன். இன்று கண்ணெதிரே நடப்பதை வைத்து அன்று நடந்ததைச் சொல்வதற்கு எங்கள் படிப்பில் ஆக்சுவலிசம் என்று பெயர் என்றும் கொஞ்சம் அளந்தேன். தேவராஜ் குழியை எட்டிப் பார்த்துக் கேட்டார்: “இப்பதான் ஆத்துல தண்ணியே இல்லியே சார், அப்ப அன்னிக்கும் தண்ணி இல்லாமத்தான் ஓடுச்சா?”

வந்த தண்ணீர்

போர் போட்ட அன்று தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. பாஸ்டர் ஜெபம் செய்தார். கலங்கல் தெளிந்ததும் ஸ்டெல்லா இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் வைத்தார், உடனே துப்பினார். உப்பு, கசப்பு, கூடவே தோல் பதனிடும் இடத்து வாடை. ஆறு போட்ட மணல் தண்ணீரைப் பத்திரமாக வைத்திருந்தது. இந்த வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவையும் அதே மாதிரி பத்திரமாக வைத்திருந்தது. கழிவு இறங்குவதும் கண்ணெதிரே நடப்பதுதானே. போர் வண்டிக்காரர் குழாயைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “தண்ணி வந்துச்சா இல்லியா, அத்தோட நம்ம வேலை முடிஞ்சுது சார். டேஸ்ட்டுக்கெல்லாம் இன்னா பண்றது?”

டீக்கடையில் தத்துவம்

அதற்குப் பிறகு தேவராஜ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டு: போரை நாலடி தள்ளிப் போட்டிருந்தால் நல்ல தண்ணீர் வந்திருக்கும். அந்தப் பக்கம் முழுக்க இதே மணல், இதே தண்ணீர் என்றால் காதில் ஏறாது.

கல்லூரியில் தத்துவம் நடத்தும் என் நண்பன் சேகரிடம் வேலூரில் டீ குடிக்கும்போது இதைப் புலம்பினேன். தத்துவத்திலும் ஆக்சுவலிசம் உண்டு, ஆனால் சங்கதி வேறு என்றான். உண்மையில் இருப்பவை மட்டுமே இருக்கின்றன. நடந்திருக்கக்கூடியவை வேறெங்கோ தனியாக இருந்துகொண்டிருக்கவில்லை. ‘இருக்கலாம்’ என்று சொல்வதானால் அதையும் இங்கே இருப்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டுமாம். எனக்கு இது ஆறுதலாகவே இல்லை. அவன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்: “உன் தேவராஜ் நெனச்சிக்கினு இருக்கிற நல்ல தண்ணி எங்கயும் கெடையாதுடா. பாவம், அவரு தாகம்தான் இருக்குது.”

வாங்க வந்தவர்கள்

கடைசியில் பாதி வீட்டோடு மனையை விற்பது என்று முடிவு செய்தார்கள். விற்றால்தான் வேறெங்காவது தலை சாய்க்க முடியும். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். தேவராஜ் என்னையும் வரவழைத்திருந்தார். நாலடி தள்ளி போர் போட்டால் நல்ல தண்ணீர் ‘இருக்கலாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது பொய் இல்லையே என்று கெஞ்சினார். எனக்கும் மனசு இளகிவிட்டது.

தண்ணீர் எப்படி என்று அந்தப் பெண் கேட்டாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஸ்டெல்லா போர்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வந்து நீட்டினார். அவள் உதட்டில் வைத்தாள், கணவனைப் பார்த்தாள், இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தேவராஜ் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஸ்டெல்லா டம்ளரைக் கவிழ்த்தபடி சொன்னார்: “தண்ணி எப்டின்னு கேட்டாங்க சார், இருக்கறத குடுத்தேன்.”

பூச்சு முடியாத அந்த வீட்டுக்கே அவர்கள் இருவரும் கேன் தண்ணீரோடு குடிபோய்விட்டார்கள். நான் மட்டும் இன்றைக்கும் ஊர் ஊராகப் போய் ‘இருக்கலாம்’ என்று சொல்லித்தான் சாப்பிடுகிறேன்.