நயினார் ஜீப்பின் கமான் பட்டைகள்

ஜீப்புக்குக் கமான் பட்டையும் ஷாக்கும் விற்கிறவன் ஏறத்தாழ ஒரு வைத்தியன். அவனுடைய நோயாளி வாய் திறப்பதில்லை, உடன் வருகிறவர்கள் வாய் மூடுவதில்லை.

காஞ்சிபுரத்தில் வாலாஜாபாத் சாலை தொடங்கும் இடத்தில் நான் மோட்டார் உதிரிபாகக் கடை நடத்திய காலத்தில், பாலாற்று மணலையும் ஏரிக்கரையையும் துணிந்து கடக்க வல்ல வண்டி ஜீப் ஒன்றுதான். யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்தவையும், சர்க்கார் கழித்துவிட்டவையுமாகச் சுற்றுப்பட்டு மிராசுதாரர்களிடம் பல இருந்தன. காலையில் பாராயணம் முடித்து, நெற்றியில் திருமண் உலர்வதற்குள் கடை திறந்துவிடுவேன். மேசை இழுப்பறையில் ஒருபுறம் பாசுரப் புத்தகம், மறுபுறம் விலைப்பட்டியல். ஒன்றில் எனக்கு ஐயம் எழுந்ததில்லை. மற்றதில் ஐயம் தீர்ந்ததில்லை.

கமான் பட்டை என்பது வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிணைத்த கட்டு. பெருமாள் வாகனத்தைச் சுமக்கும் மூங்கில் தண்டைப் போன்றது. சுமையில் வளைந்து நிமிரும். ஷாக் என்பதோ அத்தண்டைத் தோளில் ஏற்றவரின் முழங்கால். வளைந்த தண்டு துள்ளாமல் அடக்குவது அதன் பணி. தண்டு நன்றாயிருந்து முழங்கால் சோர்ந்தாலும், முழங்கால் நன்றாயிருந்து தண்டு விறைத்தாலும், மேலே எழுந்தருளியிருப்பவர் பாடு திண்டாட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும். என்னைப்போல் கடைப் பலகைக்குப் பின்னால் நின்று அல்லற்பட்ட அன்பர்கள் மற்றதைத் தாமே அறிவார்கள்.

தராசு கேட்டவர்

பட்டு ஜவுளி முதலாளி ஒருவர் தம் ஜீப்புக்கு ஷாக் வாங்க வந்தார். இரண்டு தினுசு எடுத்து வைத்தேன். கையால் இழுத்துப் பார்த்தால், கெட்டித் தயிரில் மத்து இறங்குவதுபோல் நிதானமாக எதிர்ப்புக் காட்டவேண்டும். அதுதான் பரீட்சை என்று விளக்கினேன். அவர் இழுக்கவில்லை. இரண்டையும் இரு உள்ளங்கையிலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, புடவையைப் பார்ப்பதுபோல் எடை பார்த்தார். பிறகு தராசு கேட்டார். பக்கத்து எண்ணெய்க் கடையிலிருந்து வரவழைத்தேன். கனத்தது லாரிக்கு உரியது, ஜீப்புக்கு ஆகாது என்று மூன்று முறை சொல்லியும், கனத்ததே அவர் மனத்துக்கு இசைந்தது. எட்டு நாள் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆழ்ந்த வருத்தமே இருந்தது.

"எடை சரியாத்தான் இருந்துது சாமி. வண்டிதான் எடைக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கல."

வழக்குக் கட்டோடு வந்தவர்

தரணேந்திர நயினார் வேறு மாதிரி. வாலாஜாபாத்துக்கு அப்பால், பாலாற்றின் மறுகரைக் கிராமத்தில் பயிர் செய்யும் சமணக் குடும்பத்தவர். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. என் கடைப் பலகையில் உட்காருமுன் எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, துண்டின் நுனியால் மெல்ல விலக்கிவிட்டுத்தான் உட்காருவார். வரப்புத் தகராறு ஒன்று முன்சீப் கோர்ட்டுக்கு வந்துவிட்டதால், ஆவணி முதல் செவ்வாயும் வெள்ளியும் காஞ்சிக்கு வரலானார். ஜீப்பை ஓட்டியவர் முனுசாமி. பதினோரு வருடமாக அவரிடமே இருந்தவர்.

ஐப்பசித் தொடக்கத்தில் முதன்முறையாகப் பின்பக்கத்து அடுக்கில் முழு நீளத்துக்கும் ஓடும் மூலப் பட்டை ஒடிந்து, கோணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். என் கடையை ஒட்டிப் பட்டறை வைத்திருந்த ஹனீப் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டை பொருத்தும் வளையத்தை எங்கள் தொழிலில் கண் என்போம். ஒடிந்திருந்தது அதன் அருகில். பாரம் ஏற்றி ஒடிந்தால் இப்படி ஒடியாது, வண்டி குதித்துக் குதித்துத்தான் ஒடிந்திருக்கிறது என்றார் பாய். நயினார் சற்று யோசித்தார்.

"குதிக்கறதுக்கு என் வண்டியில யாரு இருக்கறாங்க பாய்? நானும் வழக்குக் கட்டும்தான்."

என் மேதாவிலாசம்

இரண்டாம் பட்டையும் ஒடிந்தபோது என் புத்தி விழித்துக்கொண்டது. ஒன்பது பட்டை அடுக்கு இருந்த இடத்தில் பதினோரு பட்டை அடுக்கைப் பொருத்தச் சொன்னேன். ஹனீப் பாய் தலையைச் சொறிந்தார், நான் கேட்கவில்லை. பலம் கூடினால் ஒடியாது என்பது என் சித்தாந்தம். நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்குத் தகுந்த அடுக்கு அது. பாரம் இருந்தால் பணிந்து வளையும். பாரமில்லாத வண்டியில் பட்டை வளையாது, ஏறியவர் வளைய வேண்டும் என்பதை உற்சாகத்தில் மறந்தேன். ஐயம்பேட்டை தாண்டுவதற்குள் வழக்குக் கட்டின் நாடா அவிழ்ந்து, வாய்தாத் தாள்கள் வழியெல்லாம் பறந்தனவாம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த முனுசாமி, வண்டியிலிருந்து பக்கவாட்டில் இறங்கி, நிமிர முடியாமல் என்முன் நின்றார்.

"முன்ன பட்டை ஒடிஞ்சுதுங்க ஐயா. இப்ப பட்டை கல்லு மாதிரி இருக்குது. நாங்கதான் ஒடிஞ்சிக்கினு இருக்கறோம்."

தீர்ப்பு

பழைய ஒன்பதுக்கே திரும்பினோம். குற்றம் ஷாக்கினுடையதாக இருக்கலாம் என்று எண்ணி, சென்னைக்கு நானே பஸ் ஏறிப் போய், நான்கையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து வாங்கி வந்தேன். ஜீப் அழகாக நடந்தது. ஹனீப் பாய் பின்பக்கத்தில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். ஒரே அசைவில் அடங்கி நின்றது. "இனி ஒடியாது" என்று வாக்குக் கொடுத்தேன். மார்கழி பிறப்பதற்குள் மூன்றாம் பட்டை ஒடிந்தது.

பட்டை புதிது, ஷாக் புதிது, வண்டியில் குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மிச்சமிருந்தவர் முனுசாமி. அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குத் தையில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. வேகமாக ஓட்டுகிறாயா என்று நான் கேட்டதற்கு, சக்கரத்தின் திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தாரேயன்றி நிமிரவில்லை. நயினாரின் குரல் அப்போதும் உயரவில்லை. அதுதான் எனக்கு அச்சமாயிருந்தது.

"இன்னொரு பட்டை ஒடிஞ்சா நான் வேற டிரைவரைப் பார்த்துக்கறேன். நீங்க இவனுக்காகப் பேசாதீங்க. பட்டையை மட்டும் பாருங்க."

கடிகாரம் யார் கையில்?

நான் தேர்ந்தெடுத்த பட்டை ஒடிந்து ஒருவர் பிழைப்புப் போவதென்றால், அந்தப் பாவத்தை எந்தப் பாராயணத்தால் கழுவுவது? அடுத்த வெள்ளிக்கிழமை, பட்டையை நேரில் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். கோர்ட் கலைய மணி ஐந்து. ஐயம்பேட்டைவரை ஊர்வலம்போல் போயிற்று. அதன்பின் நயினார் மேற்கே ஒருமுறை பார்த்தார். "முனுசாமி, மணி என்ன ஆவுது?" என்றார் மெதுவாக. கடிகாரம் இருந்தது நயினாரின் மணிக்கட்டில். முனுசாமியிடம் கடிகாரமே கிடையாது. அவர் வேகத்தைக் கூட்டினார். ஒரு மைலுக்கு ஒருமுறை நயினார் அதே கேள்வியைக் கேட்டார். 'வேகமாகப் போ' என்று ஒருமுறையும் சொல்லவில்லை. வாலாஜாபாத் ரயில்வே கேட் வேறு மூடிக் கிடந்தது. திறந்ததும் பிடித்த ஓட்டத்தில் ஆற்று மணல், கரை, வண்டித்தடம் எல்லாம் ஒன்றாயின. அடியார் கூப்பிட்ட குரலுக்கு எம்பெருமான் ஓடோடி வந்த வேகத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். உடம்பால் உணர்ந்தது அன்றுதான்.

வீட்டு வாசலில் நயினார் இறங்கிக் கால் கழுவி உள்ளே விரைந்தார். கூடத்தில் இலை போட்டு அவர் மனைவி பரிமாறிவிட்டுக் காத்திருந்தார். முதல் கவளம் வாய்க்குப் போனபோது, சூரியனின் மேல்விளிம்பு மட்டும் தென்னந்தோப்புக்கு மேல் தெரிந்தது. எனக்கு எல்லாம் விளங்கிற்று. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது அவர்கள் நெறி. ஆவணியில் பொழுது இருந்தது, ஐப்பசியில் குறுகிற்று, குறுகக் குறுகப் பட்டை ஒடிந்தது. வெளியே வந்து, இதை ஏனப்பா ஐயாவிடம் சொல்லவில்லை என்று முனுசாமியைக் கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கார்த்திகையில ரெண்டு நாளு லேட்டாயி, அப்படியே பட்டினி படுத்தாருங்க. வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். அவரைப் பட்டினி போட்டுட்டு நான் எங்க போயி சோறு துன்றது?"

மூன்று விரதங்கள்

நயினாரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நெறி தவறாதவரிடம், 'உங்கள் நெறியால்தான் பட்டை ஒடிகிறது' என்று எந்த நாக்கால் சொல்வது? ஹனீப் பாயிடம் மட்டும் சொல்லி வைத்தேன். செவ்வாய்க்கிழமை கோர்ட் முடிந்து நயினார் வந்தபோது, பாய் பட்டைக் கட்டின் மரைகளை முறுக்கிக்கொண்டிருந்தார். ரம்ஜான் மாதம், விடியற்காலையிலிருந்து பாய் ஒரு சொட்டுத் தண்ணீர் அருந்தவில்லை. எனக்கோ அன்று ஏகாதசி. நயினார் பலகையில் உட்காராமல் மேற்கே பார்த்து, "பாய், கொஞ்சம் சீக்கிரம். பொழுது போவுது" என்றார். பாய் உலர்ந்த உதட்டை நனைக்காமலே சிரித்தார். முனுசாமி பதறிக் கையசைத்தும் நிறுத்தவில்லை.

"உங்களுக்குப் பொழுது போவக்கூடாது நயினாரே, எனக்குப் பொழுது போனாத்தான் தண்ணி. சாமிக்கு இன்னிக்குப் பொழுது போனாலும் சோறு இல்ல, இருந்தாலும் இல்ல. நாம மூணு பேரும் அல்லாகிட்டயும் ஆண்டவன்கிட்டயும் நல்ல பேரு வாங்கிக்கினு இருக்கறோம். உங்க நோன்புக்கு அடி வாங்கறது மட்டும் முனுசாமியும் பட்டையும்!"

நயினார் உட்கார்ந்தார்

நயினார் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பிறகு முனுசாமியை நெடுநேரம் பார்த்தார். வண்டி தயார் என்று பாய் சொல்லியும் அவர் எழவில்லை. எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, துண்டால் விலக்கி, பலகையில் அமர்ந்தார். இப்போது கிளம்பினால் போய்ச் சேரலாம் என்று முனுசாமி இருமுறை கெஞ்சினார். நயினார் கையமர்த்தினார். சூரியன் மறையும்வரை அப்படியே இருந்தார். பாங்கு கேட்டது. பாய் பேரீச்சம்பழம் வாயிலிட்டுத் தண்ணீர் குடித்தார். நயினார் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். அன்றிரவு தமக்கு உணவில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு எழுந்து, முனுசாமியின் தோளைத் தொட்டார். பதினோரு வருடத்தில் அவர் அப்படித் தொட்டது அதுதான் முதல்முறை என்று முனுசாமி பிறகு சொன்னார்.

"இத்தனை நாளா வண்டியை ஓட்டினது நான்தான் முனுசாமி. நீ சும்மா ஸ்டியரிங்கைத்தான் பிடிச்சிக்கினு இருந்தே. மெள்ளப் போ, இன்னிக்கு ஒரு அவசரமும் இல்ல."

எங்கள் கிராக்கி

வெள்ளிக்கிழமை முதல் ஜீப்பில் வழக்குக் கட்டோடு அடுக்குக் கேரியரும், வடிகட்டிய தண்ணீர் நிரம்பிய செம்பும் வந்தன. கோர்ட் கலைந்ததும் நயினார் என் கடையின் பின்கட்டில், நான் பெருக்கித் துடைத்துவைத்த இடத்தில் இலை விரித்து, பகல் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிப்பார். அதன்பின் ஜீப் மாட்டு வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேரும். தையில் முனுசாமி மகள் கலியாணத்துக்கு நயினார் தம் ஜீப்பையே பெண் அழைக்க அனுப்பினார். அதில் முனுசாமியை உட்காரவைத்து, வேறு ஒருவரை ஓட்டச் சொன்னார். வரப்பு வழக்கு மேலும் இரண்டு வருடம் நடந்தது. அந்த ஒன்பது பட்டை அடுக்கு கடைசிவரை ஒடியவில்லை. ஷாக்குகூட மாற்ற வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் ஹனீப் பாய் பெருமூச்சு விட்டார்.

"புண்ணியம்தான் சாமி, இல்லேன்னு சொல்லல. ஆனா மாசத்துக்கு ஒரு பட்டை ஒடிச்சிக்கினு வந்த நல்ல கிராக்கியை நாமளே கெடுத்துக்கினோமே!"

அன்றுமுதல், ஜீப்புக்குப் பட்டை தேர்ந்தெடுக்க வந்த எவரிடமும் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றே நான் முதலில் கேட்டுவந்தேன். அவர்களில் பாதிப்பேர் நான் விருந்துக்கு அழைக்கிறேன் என்று எண்ணி, வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.