கயிறு அவிழ்த்த பவளம்

செவ்வாய்க்கிழமை காலை பவளத்தின் மகள் சுதா தொலைபேசியில் அழைத்தாள். “அம்மா எங்களை விட்டுப் போட்டா, மாஸ்டர்” என்றாள். பிறகு, “மிளகை இண்டைக்கு இன்னும் நிறுக்கேல்லை” என்றாள்.

பவளத்தை அறிந்தவர்களுக்கு மிளகையும் தெரியும். புறாவைவிடச் சிறிய வேட்டைப் பறவை, கெஸ்ட்ரல் என்பார்கள். முப்பது வருடம் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டியவர் பவளம். இருதய ஒபரேசனுக்குப் பிறகு எல்லாரும் ஓய்ந்திருக்கச் சொன்னபோது, பயிற்சி எடுத்து, அனுமதி பெற்று, அதைக் கையில் ஏற்றினார். துணைக்குப் போன, பழைய வாத்தியாரான நானும் அனுமதி பெற்றேன்.

நாங்கள் குடியேறிய நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அவர் வீட்டு ஃப்ரீசரில் மிளகுக்குத் தீனியாகக் காடைக்குஞ்சுகள் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஓர் அம்மா அவரை மறித்தார்.

“விரதக்காரியின்ர வீட்டில காடையோ? நல்ல கூத்தடி!”

பவளம் செருப்பைத் தேடியபடியே சொன்னார்: “விரதம் எனக்கக்கா. மிளகு ஒரு நேர்த்தியும் வைக்கேல்லை.”

தினமும் காலையில் மா நிறுக்கும் தராசில் மிளகை நிறுப்பார். நூற்றைந்து கிராம் இருக்கவேண்டும். குறைந்தால் பறவைக்குப் பலமில்லை. கூடினால் பசியில்லை, கைக்குத் திரும்பாது. காலில் நீண்ட கயிறு கட்டி, கையுறைக்குப் பறந்துவரப் பல வாரம் பழக்கினார். சைக்கிள் பழகும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பிடித்திருக்கும் கையை எடுக்கும்வரை அது ஓட்டம் அல்ல.

கயிறு அவிழ்த்த முதல் நாளில் தவறு செய்தவன் நான். நிறுத்து முடிந்தபின், பவளம் காரை எடுக்கப் போன நேரம், மிளகின் பசித்த கண்களைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு காடைத் துண்டைக் கொடுத்துவிட்டேன். வெளிக்கிடும் ஆளை வெறும் வயிற்றோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு களஞ்சியத்தின் பின்வெளி. மிளகு எழும்பி விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்துகொண்டு திரும்பியே பார்க்கவில்லை.

“மாஸ்டர், சாப்பாடு குடுத்தனீங்களோ?”

“ஒரு துண்டுதான்… பாவமாக் கிடந்தது.”

“அது விருந்தாளி இல்லை, வேலைக்குப் போற ஆள்!”

காற்று குளிர்ந்தது. மூன்று மணி நேரம் பவளம் கையுறைக் கையைத் தூக்கித் தூக்கிப் பிடித்தார். “காணும் பவளம், இருதயத்துக்கு ஆகாது” என்றேன். “இருதயத்தை இதுக்குத்தான் திருத்தினவை” என்றார். வெளிச்சம் சாயும் நேரம் மிளகு இறங்கி அவர் கைக்கு வந்தது. அடுத்த வாரம் அதே வெளியில் முதல் குருவியைப் பிடித்தது. “போக ஏலாததைப் பிடிச்சு வச்சிருக்கிறதில என்ன பெருமை, மாஸ்டர்?” என்று அன்று கேட்டார்.

செத்த வீட்டில் சிலர் சொன்னார்கள்: “ஒரு இடத்தில இருந்திருந்தா இன்னும் கொஞ்சக்காலம் இருந்திருப்பா.” மிளகைப் பொறுப்பெடுத்த எனக்கும் புத்தி சொன்னார்கள்: “பறவையை இனிப் பறக்கவிடாதேங்கோ. கூட்டில வச்சுச் சாப்பாடு போடுங்கோ. அதுவும் பறந்து போட்டுதெண்டா?”

போகவும் கூடும். அதைத் தெரிந்துகொண்டே பவளம் கயிற்றை அவிழ்த்தார். அவர் ஒரு இடத்தில் இருக்கவில்லை, மிளகும் இராது.

அவருடைய கையுறையும் தராசும் இப்போது என்னிடம் இருக்கின்றன. கையுறை எனக்குச் சற்று இறுக்கம். இன்று காலை நூற்றைந்து கிராம். நான் ஒரு துண்டும் கொடுக்கவில்லை. லொங்குய்க்குப் போகிறோம்.