முத்துலட்சுமி அக்காவும் பச்சைப்பிள்ளைகளின் குதிகாலும்

முத்துலட்சுமி அக்கா இன்று காலை இறந்துவிட்டார். வார்டு வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன்... எல்லோரும் RIP போடுகிறார்கள், எனக்குக் கை வரவில்லை.

தென்காசியில் நான் நர்ஸாகச் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டின் சீனியர் சிஸ்டர் அவர்.

குற்றால சீசன் நேரத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு டியூட்டிக்கு வருவார். "கை ஐஸா இருக்கு, பிள்ள பதறிரும்" என்று குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் வார்மர் பக்கத்தில் நின்று கையைச் சூடாக்கிக்கொண்டுதான் குழந்தையைத் தொடுவார்.

ஊசி என்றால் மட்டும் வேறு ஆள். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, குதிகாலில் சட்டென்று குத்தி ரத்தம் எடுத்துவிடுவார். "பச்சப்பிள்ளைக்கு என்னட்டி வலி தெரியும்? அழட்டும், நெஞ்சு விரியும்."

எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

பிறகு என்னை ஒரு ட்ரெயினிங்குக்கு அனுப்பினார்கள். பிறந்த குழந்தைக்கும் நன்றாகவே வலிக்குமாம். அம்மா பால் கொடுக்கும்போதே குத்தினால் வலி குறையுமாம். புதிதாகத் தெரிந்துகொண்டு வந்த திமிர் எனக்கு.

கடையநல்லூர்க்காரப் பெண் ஒருத்தியை அக்கா வழக்கம்போல வெளியே போகச் சொன்னார். அவள் முன்னாலேயே அக்காவிடம் சொன்னேன்... "இத்தன வருசமும் பிள்ளைகளச் சித்திரவதைல்லா பண்ணியிருக்கீங்க."

அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அவளை உட்காரவைத்துப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுக் குத்தினார். குழந்தை லேசாகச் சிணுங்கியது, அவ்வளவுதான். அக்கா அந்தக் குதிகாலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு எந்த அம்மாவையும் அவர் வெளியே அனுப்பவில்லை. என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது.

போன வாரம் அவரை அட்மிட் செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ட்ரிப் ஏற்றி ஏற்றிக் கை வீங்கியிருந்தது.

"ஊசி வலிக்கத்தான் செய்யுது, ஏட்டி. எத்தன பிள்ளைகள அழ வச்சேனோ... அதுகளுக்கும் இப்படித்தான வலிச்சிருக்கும்?"

என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. "அதெல்லாம் நினைக்காம தூங்குங்கக்கா" என்று போர்வையை இழுத்துவிட்டு, ஆலங்குளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

போயிட்டு வாங்கக்கா.

நீங்க மட்டுமில்ல, அந்த ட்ரெயினிங் போற வரைக்கும் நானுந்தான் குத்துனேன்... உங்கள விட அதிகமாவே அழ வச்சிருப்பேன். அந்தக் கடையநல்லூர்ப் பொண்ணு முன்னால அத நான் சொல்லல.