இரண்டாவது டிஸ்க்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தை மாதம் கண்டி நகரில் குண்டு வெடித்த பிறகு, வாடகை அறைகளில் தனியாக இருந்த தமிழர்கள் வீதியில் ஜீப் சத்தம் கேட்டாலே பேச்சை நிறுத்தினார்கள். சாவகச்சேரியில் பிறந்த சத்தியபாமா, பேராதனையில் ஒரு விவசாய ஆய்வு நிலையத்தில் புள்ளிவிபரப் பகுதியில் வேலை செய்தாள். கட்டுகஸ்தோட்டையில் ருக்கியா என்ற முஸ்லிம் பெண்ணின் வீட்டு மேல்மாடியில்தான் குடியிருந்தாள்.

லண்டனில் இருந்த அண்ணன் தான் பாவித்துக் கழித்த வீட்டுக் கொம்பியூட்டரை அவளுக்கு அனுப்பியிருந்தான். அது பத்து வருசத்துப் பழசு. பக்கவாட்டில் மாட்டும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு பெட்டி நிறைய பிளொப்பிகளும் கூடவே வந்திருந்தன. புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டால் கொழும்பில் நல்ல வேலை கிடைக்கும் என்பது அவள் கணக்கு. அதற்கு முதலில், எழுதும் புரோகிராமை மெசினுக்கு விளங்கும்படி மாற்றும் 'சீ' மொழிக் கம்பைலரை, அண்ணன் பிரதி எடுத்து அனுப்பிய பிளொப்பி டிஸ்க்குகளிலிருந்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும்.

ஏறவில்லை. முதல் டிஸ்க் ஒழுங்காகப் பதிந்தது. பிறகு திரை இரண்டாவது டிஸ்க்கைக் கேட்டது. போட்டாள். திரும்பவும் அதையே கேட்டது. டிரைவைத் துடைத்துப் பார்த்தாள். இடம் போதவில்லையோ என்று அண்ணனின் விளையாட்டுகளையெல்லாம் அழித்தாள். அதற்குப் பிறகும் அதே கேள்விதான் திரையில் நின்றது.

"வயரெல்லாம் ஜன்னலால தெரியுது மகள். மறச்சி வைங்க," என்றாள் ருக்கியா. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து, மேலே இருப்பவள் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுப் போனாராம். சத்தியபாமா தடித்த துணி வாங்கி ஜன்னலை மூடினாள். வீதியிலிருந்து பார்க்க, மூடிய ஜன்னல் இன்னும் சந்தேகத்துக்கு இடமாகத் தெரிந்தது.

ஞாயிறு பகல் அவள் மறுபடி டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. ஒரு இன்ஸ்பெக்டரும் துவக்கோடு இரண்டு பேரும். அலுமாரியைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். இது என்ன கேட்கிறது, உள்ளே எதை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று சிங்களத்தில் விசாரித்தார். திரையில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்.

அவள் விரல் வைத்து வாசித்தாள். திரை கேட்ட டிஸ்க்கின் பெயரை வாசித்தாள். மூலையில், போட்டிருந்த டிஸ்க்கின் சின்னத்துக்குக் கீழே இருந்த பெயரையும் வாசித்தாள். வாசிக்கும்போதுதான் கவனித்தாள். இரண்டும் ஒரே பெயர் அல்ல. அண்ணன் பிரதி எடுத்தபோது, 'பிரதி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை மெசின் தானாகவே பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்தது. பெயர் வேறாக இருந்ததால், தான் கேட்ட டிஸ்க் இதுதான் என்று மெசின் ஏற்கவேயில்லை.

இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. "வேலை செய்யாத பெட்டி," என்று கொட்டாவி விட்டபடி எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். துவக்குக்காரர்கள் படியில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கிழமைக்கணக்காக மண்டையைக் குடைந்த விசயம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. கை தானாகப் போய் அந்தச் சொற்களை அழித்துப் பெயரைத் திருத்தியது. ஹார்ட் டிஸ்க் கடகடவென்று இரைந்தது. படியில் நின்றவன் துவக்கை நிமிர்த்திக்கொண்டு திரும்பி ஓடி வந்தான்.

இன்ஸ்பெக்டர் மெதுவாக வந்து திரையைப் பார்த்தார். பதிவாகும் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"இவ்வளவு நேரம் வேலை செய்யவில்லை. நாங்கள் போகப் போனதும் வேலை செய்கிறதோ?"

அவள் டிஸ்க்கின் பெயரைப் பற்றி விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அது பொய் போலக் கேட்டது. மின்சார வயரைப் பிடுங்கி, கொம்பியூட்டரையும் ஹார்ட் டிஸ்க்கையும் பிளொப்பிப் பெட்டியையும் அவளையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

ஆய்வு நிலையத்து மேலதிகாரியான சிங்களப் பெண்மணி பொலிஸ் நிலையத்துக்கு நேரில் வந்து, இவள் தங்களிடம் வேலை செய்பவள்தான் என்று உறுதி சொன்ன பிறகே அவளை விட்டார்கள். அதற்குள் சில நாட்கள் போய்விட்டன. அங்கே என்ன கேட்டார்கள் என்று அவள் அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. கொம்பியூட்டர் திரும்பி வந்தது, ஹார்ட் டிஸ்க் வரவில்லை. அதில் என்ன இருப்பதாக நினைத்து எங்கே வைத்திருக்கிறார்களோ என்ற யோசனை அவளை விடவில்லை.

அந்த மாத முடிவில் ருக்கியா அழுதுகொண்டே அறையைக் காலி பண்ணச் சொன்னாள். சத்தியபாமா நாவலப்பிட்டியில் ஒரு அறை பிடித்து, தினமும் ரயிலில் பேராதனைக்கு வந்து போனாள். அடையாள அட்டையை எப்போதும் கையிலேயே பிடித்திருந்தாள்.